வார்னிஷ் அடிக்க முதல் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள்

போன மாதம் நெடுங்கேணிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பெட்டகம் ஒன்று விற்க இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், முதல்நாள் முழுக்க மகன் அதைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து வார்னிஷும் அடித்து வைத்திருந்தார். "நீங்கள் வாறீங்கள் எண்டு வடிவாக்கி வச்சனான் அண்ணை" என்றார். நல்ல மனதோடு செய்த வேலைதான். ஆனால் அந்த ஒரு நாளிலேயே பெட்டகத்தின் பெறுமதியில் பாதிக்கு மேல் போய்விட்டது.

வவுனியாவில் பழைய தளபாடங்களைத் திருத்துவதும் வாங்கி விற்பதும்தான் என் தொழில். முதிரை மரம் புதிதாக அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும். காற்றும் கைபட்ட எண்ணெயும் விளக்குப் புகையும் சேர்ந்து, மூன்று தலைமுறையில் அது தேன் நிறத்துக்கு வரும். இந்த நிறத்தை எந்தச் சாயமும் தராது. விசயம் தெரிந்தவர் காசு கொடுப்பது இதற்குத்தான்.

மூடியைத் திறந்தேன். அங்கே சாண்ட் பேப்பர் போகவில்லை. உட்பக்கத்தில் கத்தியால் கீறிய கோடுகள், ஐந்தைந்தாக, நாலு வரிசை. "அது அப்பு நெல்லு மூட்டை எண்ணினது" என்று உள்ளே இருந்து அம்மா சொன்னார். சண்டை இறுகுவதற்கு முன்னமே வவுனியாவில் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்ததால் தப்பிய பெட்டகம் அது. 2008, 2009இல் இடம்பெயர்ந்த சனம் ட்ராக்டரில் அரிசியையும் பிள்ளைகளையும் ஏற்றுமா, பெட்டகத்தை ஏற்றுமா? வன்னியில் பழைய சாமான் இவ்வளவு குறைவாக மிஞ்சியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்தக் கோடுகளுக்காகவே நான் கூடுதலாகக் கொடுத்தேன். எந்த ஊர், யாருடைய வயல் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதியும் வாங்கிக்கொண்டேன். இனி அது யார் கைக்குப் போனாலும் அந்தத் தாளும் கூடவே போகும்.

பழசு என்று சொல்லி விற்பவர்கள் எல்லாவற்றையும் "ஒல்லாந்தர் காலம்" என்பார்கள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை விட்டது 1795இல். அவர்கள் பாணியில் பெட்டகம் செய்வது அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடந்தது. ஆணியைப் பாருங்கள். கொல்லன் அடித்த ஆணி சதுரமாக இருக்கும், ஒன்றுபோல் ஒன்று இராது. உருண்டைக் கம்பி ஆணி பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அடிப்பலகையில் விரலை ஓட்டுங்கள். கையால் சீவிய பலகை மெல்ல ஏறி இறங்கும். வட்ட வாளால் அறுத்ததில் வளைந்த கோடுகள் தெரியும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: பூச்சி மரத்துக்குள்ளே குடைந்து போகும், வெளியில் சின்னத் துளை மட்டும்தான் தெரிய வேண்டும். மேற்பரப்பிலேயே புழு ஊர்ந்த வாய்க்கால் நீளமாகத் திறந்து கிடந்தால், பழைய மரத்தைப் பிறகு சீவிப் புதுச் சாமான் செய்திருக்கிறார்கள்.

பித்தளைக்கும் இதே கதைதான். மூக்குப்பேணி, செம்பு, குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டம் எல்லாம் பழைய இரும்பு லொறியில் கிலோக் கணக்கில் போகின்றன. தராசில் ஏறிய பேணி உருக்கத்தான் போகும். அடியில் பெயரோ முதலெழுத்தோ வெட்டியிருக்கிறதா என்றுகூட ஒருவரும் பார்ப்பதில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாது.

கறையானுக்குப் பயந்து கழிவு ஒயில் பூசாதீர்கள். அது மரத்துக்குள் இறங்கினால் பிறகு எடுக்கவே முடியாது. கால்களுக்குக் கீழே கல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சட்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். இடம்பெயரும்போது உங்கள் குடும்பம் வளவில் புதைத்துவிட்டுப் போன செம்பு உங்களுடையது. கிணறு வெட்டும்போது வெளிப்படும் பழங்காலச் சிலை, நாணயம் அப்படியல்ல. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அது அரசுக்குச் சொந்தம், அறிவிக்க வேண்டும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் சொந்தக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டாலும், தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. பண்பாட்டுப் பொருட்களின் வியாபாரத்துக்கும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தில் அனுமதி முறை இருக்கிறது. கோயில் வாகனம், மணி, கூத்துக் கிரீடம் என்று யாராவது கொண்டுவந்தால், கோயில் நிர்வாகத்தின் அல்லது கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கடிதம் இல்லாமல் நான் தொடுவதே இல்லை. நீங்களும் வாங்காதீர்கள்.

சரி, நாளைக்கு லொறி வாசலில் வந்து நின்று "இப்பவே காசு" என்று அவசரப்படுத்தினால், ஒரு கிழமை கழித்து வரச் சொல்லுங்கள். அதற்குள் அடிப்பக்கம், உட்பக்கம், பூட்டு, ஆணி எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வீட்டில் ஆச்சி இருந்தால், பக்கத்தில் இருத்தி, இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள்.