‘க’ எப்படி ‘ச’ ஆகிறது?

ஒரே வாசலைப் பல குடித்தனங்கள் புழங்கும் வீடுகளில் முறைவாசல் என்றொரு ஏற்பாடு உண்டு. இந்த வாரம் கீழ்வீடு, அடுத்த வாரம் மாடிவீடு என்று முறைவைத்துத் தெளித்துக் கோலமிடுவார்கள். யாருடைய முறை என்ற கணக்கே வேலைக்கும் பெயராகிவிட்டது.

அன்றாட வீட்டு வேலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘சோர்’ (chore) வந்த வழியும் இதுதான். அதன் பழைய ஆங்கில வடிவத்துக்குத் ‘திரும்புதல்’ என்று பொருள். அது ஒருவரது முறையாகி, அந்த முறையில் செய்யும் வேலையாகிவிட்டது. கதவு ஒருக்களித்திருப்பதைச் சொல்லும் ‘அஜார்’ (ajar) என்ற ஆங்கிலச் சொல்லிலும் அந்தத் திரும்புதல் ஒளிந்திருக்கிறது.

எனக்கு இதைவிட வியப்பு, ‘சோர்’ சொல்லின் முதல் ஒலி. அது ஆதியில் ‘க்’.

மெதுவாகக் ‘கா’ என்று சொல்லிப் பாருங்கள்; நாவின் பின்பகுதி அண்ணத்தின் பின்புறத்தைத் தொடும். இப்போது ‘கீ’. நாக்கு முன்னே நகர்ந்துவிட்டது! ‘இ’, ‘எ’ ஒலிகளுக்கு நாவின் முன்பகுதி உயர வேண்டும். அதற்கான ஆயத்தம் ‘க்’கிலேயே தொடங்கிவிடுகிறது. தொடுமிடம் முன்னேற முன்னேற, விடுபடும் காற்று உரசுகிறது. கேட்பவர் காதில் அது ‘ச்’. அப்படியே கேட்ட குழந்தை அப்படியே பேசும். ககரம் முதல்நாவிலும் முதல் அண்ணத்திலும் (‘முதல்’ என்றால் இங்கே அடி, அதாவது பின்பகுதி), சகரம் இடைநாவிலும் இடையண்ணத்திலும் பிறக்கும் என்று தொல்காப்பியம் துல்லியமாகவே சொல்கிறது.

ஆங்கிலத்தோடு உறவே இல்லாத தமிழிலும் இதே மாற்றம், சங்க இலக்கியத்துக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. காதைக் கன்னடர் ‘கிவி’ என்பார்கள், நாம் ‘செவி’. வேலைக்கெல்லாம் அடிப்படையான ‘செய்’, பழங்கன்னடத்தில் ‘கெய்’. புதுச்சேரியின் ‘சேரி’யும் அப்படித்தான்: கன்னடத்தில் ‘கேரி’ என்றால் தெரு.

அப்படியானால் கிளியும் கிழக்கும் கெடுதலும் ஏன் தப்பின? அடுத்து வரும் ட, ண, ள, ழ ஒலிகளைக் கவனியுங்கள். அவற்றுக்கு நாநுனி பின்னோக்கி வளைய வேண்டும். அந்த ஆயத்தம் இடையிலுள்ள உயிரையும் பின்னுக்கு இழுப்பதால் ‘க்’ முன்னே நகரவில்லை. தமிழில் இந்தத் தடை பெரும்பாலும் நின்றது, தெலுங்கில் நிற்கவில்லை. அதனால்தான் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள்ளேயே, தெலுங்கு பேசும் ஏனாமில் கெடு ‘செடு’வாகிறது, கிளி ‘சிலுக’ ஆகிறது.