வெந்நீரா, வெம்பாய்மமா?

"மாமா, மக்மாட்டிக் ஹைட்ரோதேர்மல் சிஸ்டம் எண்டா தமிழில என்ன?" என்று கேட்டாள் மருமகள். பேராதனையில் புவிச்சரிதவியல் படிப்பவள், விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்திருந்தாள். 'கற்குழம்பு சார் நீர்வெப்பத் தொகுதி' என்று தானே ஒன்று எழுதியும் வைத்திருந்தாள்.

'தொகுதி' சரி. நரம்புகளின் அமைப்பைக்கூட நாம் 'நரம்புத் தொகுதி' என்றுதானே சொல்கிறோம். 'கற்குழம்பு' அதைவிட நல்ல சொல். நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைதான் 'மாக்மா'. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பிசைந்தெடுத்த களிம்பு என்று பொருள். பிசைவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. நம் குழம்பும் கறிச்சட்டியோடு நிற்பதில்லை, சந்தனக் குழம்பும் இருக்கிறது. 'எரிமலைக் குழம்பு' மட்டும் வேண்டாம். அது மேலே வந்து வழியும் லாவா. கற்குழம்பில் பெரும்பகுதி மேலே வராமல் நிலத்தடியிலேயே ஆறி இறுகிவிடும்.

எனக்கு இடறியது 'நீர்வெப்பம்'. கிரேக்கத்தில் 'ஹூடோர்' தண்ணீர், 'தெர்மே' வெப்பம். சுடுதண்ணி ஊற்றிவைக்கும் தெர்மோஸ் போத்தலிலும் அதே வேர்தான். ஆனால் இரண்டையும் அதே வரிசையில் ஒட்டினால் தமிழில் 'நீரின் வெப்பம்' ஆகிவிடுகிறது. வெம்மையும் நீரும் சேர்ந்த 'வெந்நீர்' இருக்கிறதே என்றேன். அதுவும் முழுக்கச் சரியில்லை என்பது அவள் விளக்கிய பிறகுதான் புரிந்தது.

கற்குழம்பு ஆறும்போது அதில் கரைந்திருந்த நீர், காபனீரொட்சைட்டு, குளோரின், கந்தகம் எல்லாம் பிரிந்து வெளியேறும். போகிற போக்கில் செம்பையும் பொன்னையும் அள்ளிக்கொண்டு பாறை வெடிப்புகளில் ஏறும். வழியில் நிலத்தடி நீரும் கலக்கலாம். குளிரும்போதோ கொதிக்கும்போதோ சுமையை இறக்கிவைக்கும். சிலி நாட்டின் சுக்கிக்கமாட்டா சுரங்கத்துச் செம்பு இப்படிப் படிந்ததுதான். யாழ்ப்பாணத்துக் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிறதே, ஏறக்குறைய அந்த வேலை. என்ன, சுண்ணாம்பு சூட்டில் படியும், அங்கே செம்பு ஆற ஆறப் படியும்.

தூய நீர் 374 பாகை செல்சியசையும் வளியமுக்கத்தைப் போல 218 மடங்கு அமுக்கத்தையும் தாண்டினால் திரவமும் இல்லை, ஆவியும் இல்லை. அதைப் போய் வெந்நீர் என்றால்? திரவத்துக்கும் வாயுவுக்கும் பொதுவான சொல் 'பாய்மம்'. ஆகவே என் பரிந்துரை 'வெம்பாய்மம்': கற்குழம்பு சார் வெம்பாய்மத் தொகுதி.

சரி, அந்த ஆழத்தில் யார் போய்ப் பார்த்தது? ஐஸ்லாந்தின் கிராப்ளா எரிமலைப் பகுதியில் 2009இல் துளையிட்டவர்கள் 2.1 கிலோமீற்றரிலேயே எதிர்பாராமல் கற்குழம்பில் முட்டினார்கள். அப்படி வாய்ப்பது அரிது. வழக்கமாகக் கல்லைத்தான் கேட்க வேண்டும். குவார்ட்ஸ் என்ற கனிமம் படிகமாக வளரும்போது பாய்மத்தின் துளிகள் உள்ளே சிக்கிக்கொள்ளும், கல்லுக்குள் தேரைபோல. ஆறியதும் துளி சுருங்கி, அதற்குள் ஒரு குமிழி தோன்றும். கல்லை மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியின் கீழ் சூடேற்றினால் குமிழி சிறுத்துச் சிறுத்து ஒரு கட்டத்தில் மறையும். துளி சிக்கியபோது குறைந்தது அவ்வளவு சூடு இருந்திருக்கிறது! அப்புறம் அதையே உறையவைத்து, பனி எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்று பார்த்தால் உப்பின் அளவு தெரியும். குமிழியை வைத்துச் சூட்டைக் கணிக்கும் வழியை 1858இலேயே காட்டியவர் ஆங்கிலேயப் புவிச்சரிதவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. நீர் மழையில் வந்ததா, கற்குழம்பில் வந்ததா என்பதை ஒட்சிசன், ஐதரசன் சமதானிகளின் (ஒரே மூலகத்தின் திணிவு வேறுபட்ட அணுக்களின்) விகிதம் சொல்லும்.

"அப்ப எங்கட கன்னியா வெந்நீர்க் கிணறுகள்?" என்றேன். சிரித்தாள். இலங்கையில் எரிமலை ஏது? திருகோணமலையில் மழைநீர்தான் வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, சூடேறி, ஏழு கிணறுகளில் ஊறுகிறது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றக்கூடிய சூடு. அதற்கு வெந்நீர் என்ற பெயரே போதும்.