‘ட்ரூஷியல் ஸ்டேட்ஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

1971 டிசம்பர் 2 அன்று ஐக்கிய அரபு அமீரகம் உருவாகும் வரை அபுதாபி, துபாய், சார்ஜா முதலிய வளைகுடாச் சிற்றரசுகளை ஆங்கில ஆவணங்கள் ‘ட்ரூஷியல் ஸ்டேட்ஸ்’ என்றே குறித்தன. அகராதியைப் புரட்டி ‘போர்நிறுத்த நாடுகள்’ என்று எழுதினால் வேலை முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் வாசகர், இந்த நாடுகள் பிரிட்டனோடு போரிட்டு ஓய்ந்தவை என்று புரிந்துகொள்வார். அது தவறு.

‘ட்ரூஷியல்’ என்பது ‘ட்ரூஸ்’ என்பதிலிருந்து வந்த உரிச்சொல். ட்ரூஸின் வேர், பழைய ஆங்கிலத்தில் ‘கொடுத்த வாக்கு’, ‘நம்பிக்கை’ என்று பொருள்படும் சொல். சண்டையிடுவோர் ஆயுதத்தைக் கீழே வைப்பதாக ஒருவருக்கொருவர் தரும் வாக்குதான் ட்ரூஸ். அரபுப் பெயர் ‘அல்-இமாராத் அல்-முதஸாலிஹா’. ‘ஸுல்ஹ்’ என்றால் சமரசம். ‘முதஸாலிஹா’ என்ற வடிவத்திலேயே ‘தமக்குள்’ என்ற பொருள் அடங்கியிருக்கிறது. தமக்குள் சமரசம் செய்துகொண்ட அமீரகங்கள்! ஆங்கிலத்தைவிட அரபு தெளிவாகப் பேசும் இடம் இது.

பிரிட்டனுடன் நடந்த மோதல் இதற்கு முந்தையது. 1819-இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் படை, இச்சிற்றரசுகளுள் ஒன்றான ராஸ் அல்-கைமாவைத் தாக்கியது. 1820 ஜனவரியில் பொதுக் கடல் உடன்படிக்கை கையெழுத்தானது. அது கடற்கொள்ளையைத் தடைசெய்தது; ஷேக்குகள் தமக்குள் கடலில் போரிடுவதை நிறுத்தவில்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் இந்தச் சண்டைகள் எல்லோருடைய பிழைப்பையும் கெடுத்தன. அதனால் 1835-இல், முத்துப் பருவத்தை மனத்தில் வைத்து, 6 மாதத்துக்கு மட்டும் ஒரு போர்நிறுத்தம் ஏற்பட்டது. அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, 1843-இல் 10 ஆண்டுகளுக்கு நீண்டு, 1853 மே மாதம் ‘நிரந்தரக் கடற்போர் நிறுத்தம்’ ஆனது. பெயர் இங்கிருந்துதான் வருகிறது.

1853 உடன்பாடு நடைமுறையில் என்ன சொன்னது? கடலில் யாராவது தாக்கினால் உடனே பழிவாங்கக் கூடாது. ஈரானியக் கரையிலுள்ள புஷைரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்டுக்கோ (அரசுப் பிரதிநிதிக்கோ), கெஷ்ம் தீவின் பாசிடுவில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதிக்கோ தெரிவிக்க வேண்டும். இழப்பீடு பெற்றுத் தருவது அவர்கள் பொறுப்பு. ஆக, வாக்குக் கொடுத்தவர்களும் பெற்றவர்களும் ஷேக்குகள், பிரிட்டன் நடுவர். நடுவரிடம் போர்க்கப்பல் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

நிலப்போரை இந்த உடன்பாடு தொடவே இல்லை. துபாயும் அபுதாபியும் 1940-களிலும் தரையில் மோதிக்கொண்டன. ‘கடல்’ என்ற சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் வரலாறே கோணலாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

‘காலனிகள்’ என்று எழுதுவதும் பிழை. 1892-இல் கையெழுத்தான தனியுரிமை உடன்பாட்டின்படி, ஷேக்குகள் பிரிட்டன் தவிர வேறு எந்த அரசோடும் தொடர்பு வைக்கவோ, நிலத்தை விற்கவோ அடகுவைக்கவோ கூடாது. அயலுறவு பிரிட்டன் கையில், உள்ளாட்சி ஷேக்கிடம். ‘பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்ட அரசுகள்’ என்பதே பொருத்தம்.

எனவே முதல்முறை குறிப்பிடும்போது ‘கடற்போர் நிறுத்த உடன்பாட்டு அமீரகங்கள்’ என்று முழுமையாக எழுதலாம். அடுத்தடுத்து ‘உடன்பாட்டு அமீரகங்கள்’ போதும். ‘அமீர்’ என்பதோடு ‘அகம்’ சேர்ந்த ‘அமீரகம்’, அரபு ‘இமாராத்’துக்கு அழகாக ஈடுகொடுக்கிறது. ‘சமாதான நாடுகள்’ வேண்டாம். உடன்பாடு என்ற கருத்தே அதில் காணாமல் போகிறது.

காலத்தையும் எல்லையையும் கவனியுங்கள். 1820-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு இப்பெயரைப் பொருத்தக் கூடாது. புஜைராவைத் தனி அமீரகமாக பிரிட்டன் ஏற்றது 1952-இல்தான். இன்றைய ஏழு அமீரகங்களின் வரிசை அதன்பிறகே முழுமையானது. பஹ்ரைன், குவைத் ஆகியவற்றுக்குத் தனி உடன்படிக்கைகள் உண்டு. கத்தார் 1916-இல் இதே போன்ற கடமைகளை ஏற்றாலும் இந்த ஏழில் சேராது.