நாக்கை விடுங்கள், முதலில் காதைப் பாருங்கள்

போன கிழமையும் என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெடியன் வந்தான். ஐந்தரை வயது, முதலாம் தரம். காகம் அவனுக்குத் 'தாதம்', கோழி 'தோழி'. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதால் இப்போது வாயே திறக்கிறானில்லை என்று தாய் அழுகிறார். வருவதற்கு முன்பே நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை எங்கேயோ வெட்டியும் விட்டார்கள். வெட்டிய பிறகும் காகம் தாதம்தான்.

முல்லைத்தீவில் மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, எங்கிருந்து வந்தாலும் இதே கதை. "நாக்குத் தடிப்பு", "நாக்கு ஒட்டியிருக்கு". தயவுசெய்து நீங்களே ஒருதரம் 'க' சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பக்கம் எழும்பி அண்ணத்தில் முட்டும். சவ்வு இருப்பதோ முன்னால், நுனிக்குக் கீழே. முன்னால் வெட்டினால் பின்னால் பிறக்கும் சத்தம் எப்படி வரும்? உண்மையாகவே நாக்குக் கட்டிப் பால் குடிக்கக் கஷ்டப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள், அதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். என்னிடம் வரும் பெரும்பாலான பிள்ளைகளின் நாக்கில் ஒரு குறையும் இல்லை; ஒரு சத்தத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பயன்படுத்த மூளை இன்னும் பழகவில்லை. வசம்பு தேய்ப்பதும் பொன் உரசுவதும் அதைப் பழக்காது. விசில் ஊதினாலும், மெழுகுதிரி ஊதி அணைத்தாலும் 'க' வராது. (ஊதும் பயிற்சி கொடுக்கும் எங்கள் துறை ஆட்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.)

முதலில் காதைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் தேங்கும் பிள்ளைக்கு நாங்கள் கதைப்பது தண்ணீருக்குள் கேட்பதுபோல மங்கலாகத்தான் கேட்கும். கூப்பிட்டால் திரும்புகிறானே என்பது சோதனை ஆகாது.

3 வயதில் பிள்ளை கதைப்பதில் முக்கால்வாசியாவது வெளியாட்களுக்கு விளங்க வேண்டும், 4 வயதில் அநேகமாக எல்லாமே. ர, ழ, ள பிந்தி வரும், பதறாதீர்கள். பழத்தைப் பெரியவர்களே 'பளம்' என்கிறோம். ஆனால் 4 வயதுக்குப் பிறகும் 'க' எல்லாம் 'த' ஆனால், சொல்லின் முதல் சத்தத்தை விழுங்கினால், மூக்கால் கதைத்தால், காத்திருக்காதீர்கள். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்றால் இன்னும் முந்தி வர வேண்டும், அது பொறுத்திருப்பதற்கான காரணம் இல்லை.

"சரியாச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்று பிள்ளையை வதைக்க வேண்டாம். 'தாதம் பறக்குது' என்றால் "ஓம், காகம் பறக்குது, காகம் வேலியில இருக்குது" என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள், போதும். பயிற்சி என்பது வேறு. முதலில் வித்தியாசத்தைக் காதால் பிடிக்க வேண்டும், பிறகு சத்தம் தனியாக, பிறகு கா, கூ, அப்புறம்தான் சொல், வசனம். படியைத் தாண்டினால் பிள்ளை களைத்துவிடும்.

தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆட்கள் குறைவு. கிளிநொச்சிக்கு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போகும், அதுவும் தெரியும். அதனால்தான் வீட்டில் தினமும் 10 நிமிடம் இந்தப் பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கிறேன், போனை அணைத்துவிட்டு. தை மாதம் பள்ளிக்கூடம் போகப்போகும் பிள்ளை என்றால் இந்த மாதமே கூட்டி வாருங்கள், கிளினிக் கொப்பியும் காது சோதித்த துண்டும் கையில் இருக்கட்டும்.