வீட்டு எர்த் வயர் எத்தனை ஸ்கொயர் எம்எம் இருக்க வேண்டும்?

போன மாதம் அக்கா வீட்டில் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு கீசர் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பும் கறுப்பும் 4 ஸ்கொயர் எம்எம், நல்ல வயர். எர்த்தான பச்சை மட்டும் 1 ஸ்கொயர் எம்எம், அதுவும் ஸ்க்ரூவில் ஒரே ஒரு இழைதான் மாட்டியிருந்தது, மற்றதெல்லாம் வெளியே விரிந்து நின்றது. வயரிங் செய்தவரிடம் போனில் கேட்டால், "எர்த்துல கரன்ட் ஓடாதுங்க, சின்ன வயரே போதும்" என்கிறார். நம்மூரில் பல பேர் மனதில் இருப்பது இதுதான். அதனால்தான் எர்த் வயர் அளவுக்கான விதியைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

எர்த் வயரில் சாதாரணமாகக் கரன்ட் ஓடாது, உண்மைதான். ஆனால் கீசருக்குள் காயில் உடைந்து, கரன்ட் வருகிற பக்கமான ஃபேஸ் வெளி உடம்பைத் தொட்டுவிட்டால், அந்த நொடியில் ஃபேஸ் வயரில் என்ன கரன்ட் பாய்கிறதோ கிட்டத்தட்ட அத்தனையும் பச்சை வயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். எம்சிபி (கரன்ட் அதிகமானால் தானாக ஆஃப் ஆகிற ஸ்விட்ச்) விழுகிற வரைக்கும் உருகாமல் அது தாங்க வேண்டும்.

எர்த்திங்குக்கு நம் நாட்டில் இருக்கும் தரநிலை ஐஎஸ் 3043. 1987-ல் வந்ததை 2018-ல் திருத்தினார்கள். அதில் அளவுக்கான அட்டவணை ரொம்ப எளிது. ஃபேஸ் வயர் 16 ஸ்கொயர் எம்எம் வரை இருந்தால் எர்த்தும் அதே அளவு. 16-க்கு மேல் 35 வரை என்றால் எர்த் 16. 35-ஐத் தாண்டினால் ஃபேஸில் பாதி. ஆக வீட்டுக்குள் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஃபேஸ் எவ்வளவோ எர்த்தும் அவ்வளவு. லைட் சர்க்யூட்டில் 1.5 போட்டால் எர்த்தும் 1.5, ஏசிக்கு 4 இழுத்தால் எர்த்தும் 4. மற்ற வயர்களோடு சேராமல் எர்த் மட்டும் தனியாகப் போகிறது என்றால், பைப்புக்குள் 2.5-க்கும் திறந்தபடி 4-க்கும் குறையவே கூடாது.

இந்த அட்டவணையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டும் அளவு எடுக்கலாம். ஃபேஸ் உடம்பைத் தொடும்போது பாய்கிற பிழை கரன்ட்டை, எம்சிபி விழும் நேரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வயருக்கான எண்ணால் வகுக்க வேண்டும். மற்ற வயர்களோடு சேர்ந்து போகிற பிவிசி காப்பருக்கு அந்த எண் 115. பிழை கரன்ட் 1000 ஆம்ப், எம்சிபி 0.1 வினாடியில் விழுகிறது என்றால் 2.75 வரும், அதாவது 4 ஸ்கொயர் எம்எம் வயர். அதே கரன்ட் ஒரு வினாடி நீடித்தால் 8.7, அப்போது 10 வேண்டும். நேரம் கூடக் கூட வயரும் தடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அட்டவணை ஃபேஸும் எர்த்தும் ஒரே உலோகம் என்று வைத்துப் போட்டது. நம்மூரில் போர்டிலிருந்து எர்த் குழிக்கு 8-ம் நம்பர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை இழுத்துவிடுவார்கள், பார்த்தால் தடியாகத்தான் தெரியும், சுமார் 13 ஸ்கொயர் எம்எம். ஆனால் உறையில்லாத காப்பர் ஒரு வினாடிக்கு ஒரு ஸ்கொயர் எம்எம்முக்கு 205 ஆம்ப் தாங்கும் இடத்தில் ஜிஐ தாங்குவது 80 தான். அப்படியென்றால் அந்தக் கம்பி 5 ஸ்கொயர் எம்எம் காப்பருக்குச் சமம். மெயினில் 10 ஸ்கொயர் எம்எம் போட்ட வீட்டுக்கு அது பத்தாது. 25 எம்எம் அகலம், 3 எம்எம் தடிமனில் ஜிஐ பட்டை போடச் சொல்லுங்கள், செலவு பெரிதாக ஏறாது.

சரி, வயரைச் சரியாகப் போட்டாச்சு, குழியும் வெட்டியாச்சு, போதுமா? போதாது. குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அதுவே நல்ல குழிதான். 230 வோல்ட்டில் அதன் வழியாக 46 ஆம்புக்கு மேல் போகாது. 20 ஆம்ப் சி வகை எம்சிபி உடனே விழ 100 முதல் 200 ஆம்ப் வரை வேண்டும். 46-க்கு அது மெதுவாகச் சூடேறித்தான் விழும், ஒரு நிமிஷம்கூட ஆகலாம், அதுவரை கீசர் உடம்பில் கரன்ட் இருக்கும், குளிக்கிறவர் கை ஈரமாக இருக்கும். அதனால்தான் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கிற கருவி) கட்டாயம் வேண்டும் என்கிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளிலேயே வீட்டுக்கு 30 மில்லி ஆம்புக்குள் விழுகிற கருவி என்று இருந்தது, அதற்குப் பதிலாக 2023-ல் புது விதிகள் வந்திருக்கின்றன. ஆர்சிசிபி இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடாதீர்கள். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொட்டு அவர் உடம்பு வழியாகக் கரன்ட் போன பிறகுதான் அது விழும்.

வீடு கட்டுகிறவர்கள் எஸ்டிமேட்டிலேயே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பச்சை வயரின் அளவைத் தனியாக எழுதி வாங்குங்கள். பைப்பில் வயர் இழுக்கிற அன்றைக்குப் பக்கத்தில் நின்று, வயர் மேல் அச்சடித்திருக்கும் அளவைப் படித்துப் பாருங்கள். அக்கா வீட்டில் பைப்பில் இடம் இருந்ததால் பழைய பச்சை வயரைப் பிடித்தே புது 4 ஸ்கொயர் எம்எம்மை இழுத்துவிட்டோம், முனையில் லக் (இழைகளை ஒன்றாகப் பிடிக்கும் உலோக முனை) போட்டு இறுக்கினோம், மொத்தம் அரை நாள் வேலை.