இழுத்தால் இறுகும்: பழைய மோட்டார் சைக்கிளின் காபரேட்டர் கழல மறுப்பது ஏன்?

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரமாக உள்ள ஒரு வீட்டு முற்றத்தில், 1980களில் ஜப்பானில் செய்யப்பட்ட நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் முன்னால் நானும் நண்பரும் ஒரு ஞாயிறு முற்பகல் முழுவதும் குந்தியிருந்தோம். பெற்றோல் தாங்கியை இறக்கியாயிற்று. அக்ஸிலேட்டர் கேபிளையும் சோக் கேபிளையும் விடுவித்தாயிற்று. எட்டுக் கிளிப்புகளும் தளர்ந்து கிடந்தன. ஆனால், ஒரே இரும்புத் தகட்டில் வரிசையாகப் பிணைக்கப்பட்ட, பெற்றோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் நான்கு காபரேட்டர்களும், முன்னே எஞ்சினுக்கும் பின்னே ஏர் கிளீனர் பெட்டிக்கும் நடுவில், வார்த்து வைத்ததுபோல் அசையாமல் இருந்தன. நாங்கள் இழுக்க இழுக்க அவை இன்னும் இறுகுவதாகவே தோன்றியது. அது வெறும் தோற்றம் அல்ல என்பது எனக்குப் பின்னரே புரிந்தது.

கொழும்பில் இத்தகைய பழைய வண்டிகள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் பழமை மீதுள்ள பற்று மட்டுமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் படிப்படியாகத் திறந்தது. அந்த இடைவெளியில், இருந்ததைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, எத்தனையோ வண்டிகள் காபரேட்டரில் பெற்றோல் தேங்கியபடியே மூலையில் நின்றன. தேங்கிய பெற்றோல் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் மெல்ல வினைபுரிந்து பிசினாக மாறும். அந்தப் பிசின் உள்ளே பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் நுண்துளையை அடைப்பதால்தான் காபரேட்டரைக் கழற்ற வேண்டி வருகிறது. அதே பிசின் கசிந்து வெளியே மூட்டுகளில் படிந்தால் கழற்றுவதும் கடினமாகிறது.

ஆயினும் முதன்மையான சிக்கல் பிசின் அல்ல, இறப்பர். காபரேட்டர் எஞ்சினுடன் நேரடியாக உலோகத்தோடு உலோகமாகப் பொருத்தப்படாமல், தடித்த இறப்பர்க் குழாய் ஒன்றின் வழியாக இணைக்கப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. எஞ்சினின் அதிர்வு அப்படியே வந்தால் காபரேட்டரின் அடியில் சிறு தொட்டிபோல் இருக்கும் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெற்றோல் நுரைத்துவிடும். அதன் சூடு வந்தால் பெற்றோல் ஆவியாகிவிடும். இரண்டையும் இறப்பர் தடுக்கிறது. காபரேட்டரின் வாயைச் சுற்றி, தடவிப் பார்த்தால் விரலில் நெருடும் ஒரு சிறு மேடு இருக்கும். இறப்பரின் உட்புறத்தில் அதற்கு ஏற்ற பள்ளம் இருக்கும். புதிய இறப்பர் விரிந்து கொடுத்து அந்த மேட்டைத் தாண்டவிடும். நாற்பது ஆண்டு பழகிய இறப்பர் விரியாது.

ஏன் விரியாது என்பதற்கு இறப்பரின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து கம்பஹா பக்கம் போனால் ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா வரும். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போய், அங்கே முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் வந்து நடப்பட்ட இடம் அதுவே. அந்த மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கியபோதுதான் அது உருப்படியான பொருளாயிற்று. நூலிழைகள்போல் நீண்டு கிடக்கும் இறப்பர் மூலக்கூறுகளுக்கு இடையில் கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு இல்லையேல் இழை வழுக்கி ஓடும். முடிச்சு அளவோடு இருந்தால் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். முடிச்சு மிகுந்தால் விறைத்துவிடும்.

எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இறப்பருக்கு இந்த முடிச்சுப் போடும் வேலை தொழிற்சாலையோடு முடிவதில்லை. காபரேட்டர் குழாய்கள் பெரும்பாலும் பெற்றோலைத் தாங்கும் செயற்கை இறப்பரால் ஆனவை என்றாலும் கதை ஒன்றுதான்: ஒவ்வொரு பயணத்தின் சூட்டிலும், காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையுடன், புதிய முடிச்சுகள் சிறிது சிறிதாகக் கூடுகின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருட்களும் காலப்போக்கில் வெளியேறிவிடுகின்றன. இறுதியில் மிஞ்சுவது, கிளிப்பின் நெருக்குதலில் காபரேட்டரின் வடிவத்தையே அச்சாக எடுத்துக்கொண்ட ஒரு கடினமான வளையம்.

இப்போது, இழுத்தால் இறுகும் என்ற விடயத்துக்கு வருவோம். இறப்பரை நீட்டினாலும் அமுக்கினாலும் அதன் கனவளவு ஏறத்தாழ மாறுவதில்லை. ஆகவே ஒரு குழாயை நீளவாக்கில் 10 வீதம் நீட்டினால், அதன் விட்டம் ஏறக்குறைய 5 வீதம் சுருங்கியே ஆக வேண்டும். பெற்றோல் குழாயை அதன் முனையிலிருந்து பிடித்து இழுப்பவர், அறியாமலே அதை ஒடுக்கி, உள்ளேயிருக்கும் உலோக முனையை மேலும் இறுகப் பற்றச் செய்கிறார். அதே குழாயின் விளிம்பில் நகத்தை வைத்து எதிர்த்திசையில் தள்ளினால், குழாய் குறுகி, விட்டம் பெருத்து, பிடி தளர்கிறது. காபரேட்டரின் தடித்த இறப்பர் மெல்லிய குழாயைப்போல் அவ்வளவு நீளாது என்பது உண்மை. ஆனாலும் விளைவின் திசை அதுவே. எனவே முதல் அசைவு வெளியே இழுப்பதாக இருக்கக்கூடாது, எஞ்சின் பக்கம் தள்ளுவதாக இருக்க வேண்டும். தள்ளும்போது பிசினின் ஒட்டும் உடைகிறது.

அடுத்தது உராய்வின் குணம். உராய்வு விசை எப்போதும் நகரும் திசைக்கு நேர் எதிராகவே நிற்கும். ஒரு பொருளை ஏற்கனவே பக்கவாட்டில் வழுக்கவைத்துவிட்டால், அதன் எதிர்ப்பு முழுவதும் அந்தத் திசையிலேயே செலவாகிவிடும். சுற்றுவாக்கில் பத்துப் பங்கு வேகத்தில் திருகியபடி வெளிப்புறமாக ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால், இழுப்பை எதிர்க்கும் உராய்வு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைகிறது. கையில் இறுகிய வளையலைச் சுழற்றிச் சுழற்றிக் கழற்றுவது இந்தக் கணக்கை அறியாமலே நடக்கும் வேலை. ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் காபரேட்டரை இப்படித் திருகி எடுக்கலாம். நான்கும் ஒரே தகட்டில் பிணைந்திருந்தால் திருக வழியில்லை. அப்போது மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். ஈரத்தரையில் ஒட்டிய பாயை ஒரே தூக்கில் எடுக்க முயலாமல் ஒரு மூலையிலிருந்து உரிப்பதுபோல, ஆட்டும் ஒவ்வொரு தடவையும் இறப்பரின் ஒரு விளிம்பு மட்டும் சிறிது விடுபடுகிறது.

இதற்குச் சூடு பெரிய துணை. முடிச்சு மிகுந்து விறைத்த இறப்பரும் சூட்டில் ஓரளவு இளகும். அதோடு, ஒரே அளவு சூட்டுக்கு அது உலோகத்தைவிடப் பல மடங்கு விரிகிறது. கராஜ்களில் சூட்டுத் துப்பாக்கியைப் பயன்படுத்துவார்கள். நான் அதை விரும்புவதில்லை: அதன் காற்று 500 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடியது, பெற்றோல் ஆவியோ காற்றைவிடக் கனமானதாகையால் நிலத்தோடு படிந்து பற்றவைப்புக்காகக் காத்திருக்கும். மிதவைக் கிண்ணங்களை முன்கூட்டியே வடித்து, வண்டியைத் திறந்தவெளியில் வைத்து, கேத்தலில் கொதித்த நீரில் தோய்த்த துணியை இறப்பரைச் சுற்றிக் கட்டினால் போதும். எவ்வளவு கவனக்குறைவாக இருந்தாலும் நீரின் சூடு 100 பாகையைத் தாண்டாது. இதைவிட மலிவான பாதுகாப்புக் கருவி கிடையாது.

வழுக்கலுக்குக் கையில் கிடைக்கும் எஞ்சின் எண்ணெயைப் பூசுவது தவறு. பெற்றோலிய எண்ணெய் பல வகை இறப்பர்களை ஊறவைத்து உப்பச் செய்யும். சவர்க்கார நீர் நல்லது. வேலை முடிந்ததும் காய்ந்து, பிடியை இறப்பருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

அன்று நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். பொறுமை இழந்து, நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றை மிதவைக் கிண்ணத்தின் ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். இறப்பர் அசையவில்லை, கிண்ணத்தின் காது ‘டிக்’ என்று ஒடிந்து விழுந்தது. காபரேட்டரின் உடல் அச்சில் வார்த்த இலேசான கலப்புலோகம், வளையாது, உடையும். மேலும், ஓர் ஓரத்தில் மட்டும் நெம்பினால் தகடு முறுக்கி, நான்கு காபரேட்டர்களின் காற்றுக் கதவுகளும் ஒன்றாகத் திறக்கும் ஒழுங்கு குலையும். நெம்பத்தான் வேண்டுமென்றால் விளக்குமாற்றுத் தடிபோன்ற மரத்தால், காபரேட்டரின் தடித்த உடலில் மட்டும், இரு பக்கமும் மாறி மாறி.

பக்கத்துத் தெருவில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவர் ஒடிந்த காதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இழுக்காதீங்க தம்பி, முதல்ல பின்னால இருக்கிற பெட்டிய விடுங்க” என்றார். அவர் ஏர் கிளீனர் பெட்டியின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, அதைப் பின்னோக்கித் தள்ளிக் கயிற்றால் கட்டினார். இரண்டு விரற்கடை இடம் கிடைத்தது. கேத்தல் இருமுறை கொதித்தது. முன்னே ஒரு தள்ளு, பிறகு மேலும் கீழும் ஐந்தாறு ஆட்டு. நான்காவது சிலிண்டரின் பக்கம் முதலில் ‘டப்’ என்று விட்டது, மற்ற மூன்றும் அதன் பின்னால் வந்தன.

கழன்ற இறப்பரைப் பெருவிரலால் மடித்துப் பார்த்தோம். வெளிப்புறம் முழுவதும் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள். காற்றிலுள்ள ஓசோன், இழுவையில் இருக்கும் இறப்பரை அறுக்கும் விதம் அது. வெடிப்பு உட்புறம்வரை போயிருந்தால் அதன் வழியே கூடுதல் காற்று நுழைந்து, பெற்றோல் கலவை மெலிந்து, எஞ்சின் காரணமில்லாமல் உறுமும். இரண்டு குழாய்களில் உட்புறம்வரை போயிருந்தது. மறுநாள் அந்த இரண்டையும் பழைய தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, அதே அளவில் புதியவை தேடி, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறினேன்.