எக்ஸ்டென்சிபிள்: நீட்டிப்பா, விரிவாக்கமா, நீட்சியா?

இறுதியாண்டுத் திட்டப்பணி அறிக்கைகளில் தவறாமல் தலைகாட்டும் ஆங்கிலச் சொல் ‘எக்ஸ்டென்சிபிள்’ (extensible). அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. அண்மையில் ஒரு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருந்தேன். நால்வர் குழு ஒன்று, இணையத்தில் பலகை விளையாட்டுகள் ஆடுவதற்கான மென்பொருளைக் காட்டியது. சதுரங்கம் நன்றாக ஓடியது, செக்கர்ஸும் ஓடியது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்தச் சொல் மூன்று முறை வந்திருந்தது. பொருள் என்ன என்று கேட்டேன். “எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஆடினாலும் தாங்கும், சார்” என்றார் ஒரு மாணவி.

அதற்கு வேறு சொல் இருக்கிறது, ‘ஸ்கேலபிள்’. பந்திக்கு நூறு பேர் கூடுதலாக வந்தாலும் சமாளிப்பது அது. எக்ஸ்டென்சிபிள் என்பது புதிதாக ஒரு பதார்த்தத்தைச் சேர்ப்பது. அதற்காக அடுப்பை இடித்துக் கட்ட வேண்டியிருக்கக் கூடாது. முதலாவது எண்ணிக்கையைப் பற்றியது, இரண்டாவது வகையைப் பற்றியது.

சொல்லின் வேர் லத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘டென்டெரெ’ என்றால் இழுத்து நீட்டுதல். துணியை இழுத்துக் கட்டினால் டென்ட், நரம்பு இழுபட்டால் டென்ஷன். மனத்தை ஒன்றின் பக்கம் நீட்டுவதிலிருந்து வந்ததுதான் கல்லூரிகளை ஆட்டிப்படைக்கும் அட்டென்டன்ஸ். இதே குடும்பத்தின் சமஸ்கிருதக் கிளையான ‘தன்’ என்ற வேரிலிருந்து வந்தது நம் வீணையின் தந்தி. ஆக, உறவு அவ்வளவு தூரத்து உறவு இல்லை.

இறுதியில் நிற்கும் ‘இபிள்’ஐக் கவனிக்க வேண்டும். தக்க, கூடிய என்ற பொருளைத் தருவது அது. நீண்டுவிட்டதைச் சொல்லவில்லை, நீட்ட முடியும் என்கிறது. ‘விரிவான மென்பொருள்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் இந்த ஒட்டை விழுங்கிவிடுகிறார்கள்.

கணினித் துறையில் இச்சொல்லுக்குப் பின்னால் ஒரு நெறி இருக்கிறது. கணினி அறிஞர் பெர்ட்ரண்ட் மேயர் 1988இல் வகுத்தது: ஒரு நிரல்கூறு, அதாவது மென்பொருளின் ஒரு பகுதி, நீட்டுவதற்குத் திறந்திருக்க வேண்டும், திருத்துவதற்கு மூடியிருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து, 1998இல், தரவைக் குறித்துவைக்கும் எக்ஸ்எம்எல் (எக்ஸ்டென்சிபிள் மார்க்கப் லாங்வேஜ்) தரமாக அறிவிக்கப்பட்டபோது, அதன் முதலெழுத்தின் தயவில் இச்சொல் எல்லா நிரலாளர் வாயிலும் புகுந்தது. ஆனால் மேயரின் நெறியில் பலருக்கு முதல் பாதிதான் நினைவிருக்கிறது. என் பார்வையில் பொருளின் கனமெல்லாம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. எதைச் சேர்த்தோம் என்பதைவிட, சேர்க்கும்போது எதைத் தொடாமல் விட்டோம் என்பதுதான் கேள்வி.

அந்த நால்வரிடம் ஆடுபுலி ஆட்டத்தைச் சேர்க்கச் சொன்னேன். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். முதல் இடறலே பலகையில்: அவர்களுடையது எட்டுக்கு எட்டு அட்டவணை, ஆடுபுலியிலோ முக்கோணத்தின் மேல் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளுக்குக் கிடைவரிசையும் இல்லை, நெடுவரிசையும் இல்லை. அடுத்தது நகர்வு. ‘எந்தக் கட்டத்திலிருந்து, எந்தக் கட்டத்துக்கு’ என்றுதான் அவர்கள் நிரல் கேட்கும். ஆடோ கையிலிருந்து பலகைக்கு வருகிறது. பதினைந்தும் இறங்கும்வரை இறங்கிய ஆடுகூட அசையக் கூடாது. புறப்பட்ட கட்டம் என்று எதைச் சொல்வது? ஒரு மாணவர் ‘மைனஸ் ஒன்று’ என்று தட்டச்சு செய்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வெற்றியும் இருபக்கமும் ஒன்றாக இல்லை: புலி ஆடுகளை வெட்ட வேண்டும், ஆடுகள் புலிகளை அசையவிடாமல் அடைக்க வேண்டும். முடிவில் ஐந்து கோப்புகளைத் திறந்து சதுரங்க வரிகளுக்கு நடுவே கை வைத்தார்கள். அதன்பின் சதுரங்கத்தில் கோட்டை கட்டுதல் வேலை செய்யவில்லை.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் கட்டுமானம் பற்றிய 17-214 என்ற பாடத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. நடுவில் ஒரு சட்டகம், எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான அடித்தளம். மூன்றுகட்டம் (டிக்-டாக்-டோ), கல்-காகிதம்-கத்தரி, அட்டை நினைவாட்டம் ஆகியவை அதில் வந்து பொருந்தும் தனித்தனிச் செருகல்கள். சட்டகத்துக்கு எந்த ஆட்டத்தின் விதியும் தெரியாது. செருகலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்: இந்த நகர்வு செல்லுமா? இவர் முறை முடிந்ததா? ஆட்டம் முடிந்ததா? நடுக்கேள்விதான் எனக்குப் பிடித்தது. மூன்றுகட்டத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதுபவருக்கு அது தோன்றவே தோன்றாது. ஒரு குறி போட்டால் முறை முடிந்தது. நினைவாட்டத்தில் இரண்டு அட்டை திருப்ப வேண்டும். தாயம் விழுந்தால் இன்னொரு முறை உருட்டும் நம் ஆட்டமும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

இனி தமிழ். ‘விரிவாக்கத்தக்க’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நம் நாளிதழ்களில் சாலை விரிவாக்கம் என்றாலே யார் வீட்டுத் திண்ணையோ போகிறது என்று பொருள். இடிக்காமல் சேர்ப்பதைச் சொல்ல, இடிப்பை நினைவூட்டும் சொல் எதற்கு? ‘நீட்டிக்கத்தக்க’ என்பதும் புழங்குகிறது. இதில் வேறு சிக்கல். நீட்டுதல் வேறு, நீட்டித்தல் வேறு. கையை நீட்டுகிறோம், கெடுவை நீட்டிக்கிறோம். பதவி நீட்டிப்பு, காவல் நீட்டிப்பு எல்லாம் காலத்தைச் சேர்ந்தவை. வள்ளுவர், கேடு என்பது கிளைஞரை ‘நீட்டி அளப்பதோர் கோல்’ என்றபோது (குறள் 796), அந்த ‘நீட்டி’ நீட்டு என்ற வினையின் எச்சம். இடத்தில் எட்டிப் பரவுவது. நமக்கு வேண்டியது அதுதான். ஆகவே ‘நீட்டத்தக்க’ என்பேன். பண்பைச் சொல்ல ‘நீட்சித்திறன்’. ‘நீட்சி’ ஏற்கெனவே இணைய உலாவிகளின் (பிரவுசர்) புண்ணியத்தில் பழகிய சொல். சேர்க்கப்படும் ஒவ்வோர் ஆட்டத்தையும் அப்படியே அழைக்கலாம்.

இந்தப் பண்பு தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் புதிதும் இல்லை. ‘செய்’ என்ற பகுதியை எடுங்கள்: செய்தான், செய்கிறாள், செய்வித்தார்கள். இடைநிலையும் விகுதியும் வந்து ஒட்டிக்கொண்டே போகின்றன, ‘செய்’ மட்டும் குலையவில்லை. ‘வா’ அப்படியில்லை. வந்தான் என்றால் ‘வ’ ஆகிறது, வருகிறான் என்றால் ‘வரு’ ஆகிறது. ஒவ்வொரு முறையும் பகுதியையே திறந்து திருத்த வேண்டியிருக்கிறது. நன்னூல் இதை விகாரம் என்கிறது.

அந்த நால்வருக்கும் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மைனஸ் ஒன்று தட்டியவர், “அப்படியானால் எங்களுடையது ‘வா’ சார்” என்றார்.